வெள்ளை நுரையில் ஒரு பெயர்

ஹலெய்வா
ஜனவரி 14, 2006

அன்பு மகள் கியோமிக்கு,

அப்பா எழுதுவது. நானும் வீடும் நாயும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை ஆல்டன் எப்படி இருக்கிறார் என்று எழுது.

சேதி உனக்கு முன்பே தெரிந்திருக்கும். நமக்கு அலைச்சறுக்குப் பலகைக்கான நுரைக்கட்டை அனுப்பிக்கொண்டிருந்த தொழிற்சாலையைப் போன மாதம் ஒரே நாளில் மூடிவிட்டார்கள். கொட்டகையில் இருக்கும் கட்டைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊரில் பலகை இழைக்கிற அத்தனை பேரும் துக்கவீட்டு முகத்தோடு திரிகிறார்கள். எல்லோரும் சொல்வது உங்கள் ஊர் வெள்ளை நுரையைத்தான். மீன்கடைக்காரன் ஐஸ் போட்டு வைக்கும் தெர்மோகோலில் பலகை செய்வதா என்று நான் பத்து வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்த வாயாலேயே இப்போது கேட்கிறேன். அது தேறுமா?

ஒருவருக்குப் பலகை வேண்டும். இதுவரை அலையேறியே பழக்கமில்லாதவர். குளிர்காலப் பேரலையில் இந்தக் கடலில் யார் இறங்குவது? கோடையில் கடல் குட்டைபோல ஆகும்போது தொடங்கலாம் என்று எண்ணம். அதற்குள் முடிக்க வேண்டும்.

ஒரே ஒரு தபால்தலை வாங்கப் போனேன். கவுண்டரில் இருப்பவர் நம் குடும்பப் பெயரைச் சொல்லி, "என்ன நாகமினே, லெட்டர் எழுதக்கூடத் தெரியுமா உங்களுக்கு?" என்றார். இந்த ஊரில் மரியாதை அவ்வளவுதான்.

அப்பா


சாண்டா குரூஸ்
ஜனவரி 27, 2006

அன்புள்ள அப்பா,

நாங்கள் நலம். முதுகு வேலைநாளில் வலிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிப்பதில்லை. அதற்கும் சோம்பேறித்தனம் பழகிவிட்டது போல. நீங்கள் ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

பெட்டியில் மூன்று துண்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்று உங்கள் பழைய நுரை, பாலியூரித்தேன். இரண்டாவது வெள்ளை. மூன்றாவது நீலம், அதுவும் வெள்ளையின் சித்தப்பா மகன்தான், ஆனால் அழுத்திப் பிழிந்து செய்தது. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நீங்களே சோதித்துப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று. வெள்ளை நுரைமேல் உங்கள் பழைய பிசினை ஊற்றவே கூடாது. நுரையைத் தின்றுவிடும். எபாக்ஸி பிசின் மட்டும்தான். இங்கே எங்கள் பலகைப் பட்டறையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்கிறோம்.

பலகை யாருக்கு? உயரம், எடை தெரியாமல் நான் எதைச் சொல்ல?

கியோமி


ஹலெய்வா
பிப்ரவரி 12, 2006

அன்பு மகளுக்கு,

சுகம். மாத்திரை போடுகிறேன், பெரும்பாலும்.

உன் பெட்டியைத் தபால் கவுண்டர்க்காரர் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமே இல்லாம அனுப்பிருக்கா உங்க மக. காத்துக்கா காசு கட்டினா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஒவ்வொரு துண்டையும் இரண்டாக அறுத்தேன். ஒரு பாதி கொட்டகைக் கூரைமேல் வெயிலில், இன்னொரு பாதி கடல்நீர் வாளியில், மேலே கல். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வெயிலில் நம் பழைய நுரை மஞ்சள் பாரித்துவிட்டது. வெள்ளை அப்படியே வெள்ளையாக இருக்கிறது. வாளியில் நீலம் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கவில்லை. வெள்ளை சற்றுக் குடித்துவிட்டது. குதிகாலால் அழுத்தினால் பழையது குழிந்து குழிந்தபடியே கிடக்கிறது, வெள்ளை கொஞ்சம் எழுந்து வருகிறது. இழைப்புளி வைத்தால்தான் பழையதன் அருமை தெரிகிறது. அது வெண்ணெய். வெள்ளையோ மணிமணியாகப் பிய்ந்து மூக்கிலும் நாய்மேலும் ஒட்டுகிறது. நாய் இரண்டு நாள் பனியில் புரண்டதுபோல நடந்தது.

நீலத்துக்கு என் ஓட்டு. நீ என்ன சொல்கிறாய்?

உயரம் ஐந்தடி இரண்டு. எடை நடுத்தரம், கேட்க முடியாது, கண்ணால் அளந்தேன். வலது மணிக்கட்டில் வலி உண்டு, பல வருஷம் பாரம் தூக்கியதால். வண்டியிலிருந்து மணல்வரை பலகையைத் தானே தூக்கி வர வேண்டும் என்று பிடிவாதம்.

அப்பா


சாண்டா குரூஸ்
மார்ச் 1, 2006

அன்புள்ள அப்பா,

நலம். உங்கள் கடிதத்தை வேலையிடத்தில் சத்தமாகப் படித்தேன். நாய் நடந்த இடத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

நீலம் வேண்டாம். தண்ணீர் குடிக்காது, சரி. ஆனால் வெயிலில் உள்ளே காற்று கிளம்பி, மேலே போட்ட கண்ணாடியிழைத் துணியைத் தோசைபோல உரித்துவிடும். வண்டிக்குள் ஒரு மத்தியானம் விட்டால் போதும். பழைய நுரை காற்றடிக்கும் நாளில் அலையோடு ஒட்டிப் போகும், உங்களுக்கு அதுதான் சரி. வெள்ளை தத்தும். ஆனால் லேசு. உயரமாக மிதக்கும். கை வலிக்காமல் துழாவலாம். மணிக்கட்டு வலி உள்ளவருக்கு வெள்ளைதான். ஒரு கீறல் விழுந்தாலும் அன்றே அடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கட்டையும் எபாக்ஸியும் கப்பலில் அனுப்புகிறேன்.

அப்பா, உயரத்தையும் எடையையும் மணிக்கட்டையும் சொல்லிவிட்டு ஆளைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். எங்கள் ஊரில் சோறு அவ்வளவு கிடையாது.

கியோமி


ஹலெய்வா
ஏப்ரல் 2, 2006

அன்பு மகளுக்கு,

இங்கே சுகம். மழை நின்றது. தபால்தலை ஒன்று வாங்கக் கவுண்டருக்குப் போய் வந்தேன். ஆல்டனுக்குப் பல் பிடுங்கியதாக எழுதியிருந்த அட்டை வந்தது. உப்புநீர் கொப்பளிக்கச் சொல்.

கட்டை வந்து சேர்ந்தது. ஒற்றை விரலில் தூக்கிவிட்டேன். இத்தனை நாள் நான் சுமந்தது என்ன பாவமோ என்று தோன்றியது. கத்தியைச் சாணை பிடித்து மெதுவாக இழைக்கிறேன். பழகிக்கொண்டு வருகிறது.

ஒரு குறை. இந்தக் கட்டையில் நடுவே ஓடும் மெல்லிய மரச்சட்டம் இல்லை. தலையிலிருந்து வால்வரை ஒரே வெள்ளை. சட்டத்தில்தானே நாம் பெயர் எழுதுவது? இன்னாருக்கு, இன்ன அளவு என்று பென்சிலால் எழுதி, அதன்மேல் துணி போட்டுப் பிசின் ஊற்றினால் பலகை உள்ளவரை நிற்கும். என் கையெழுத்து கோழி கிளறியது. அதனால் உன் அம்மாதான் எழுதுவாள். அவள் போன பிறகு ஆறு வருஷமாக நான் எந்தப் பலகையிலும் பெயர் எழுதியதில்லை, நம்பர் மட்டும்தான். வாங்குகிறவர்களும் கேட்டதில்லை.

இந்தப் பலகைக்கு நம்பர் போட மனமில்லை. நுரைமேல் பென்சில் வைத்துப் பார்த்தேன், பிய்கிறது. உங்கள் ஊரில் பெயரை எங்கே எழுதுகிறீர்கள்?

அப்பா


சாண்டா குரூஸ்
ஏப்ரல் 15, 2006

அன்புள்ள அப்பா,

நலம். ஆல்டன் கொப்பளிக்கிறார், வீடு முழுவதும் சத்தம்.

அரிசித்தாளில் எழுதுவோம். சிலந்தி வலை மாதிரி மெல்லிய தாள். அதைத் துணிக்கு அடியில் வைத்துப் பிசின் ஊற்றினால் தாள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். எழுத்து மட்டும் நிற்கும்.

தாள் அனுப்புவது பெரிதில்லை. எந்தப் பெயர் என்று சொல்லுங்கள்.

யோசித்துப் பார்த்தேன் அப்பா. நான் இங்கே வந்து ஐந்து வருஷத்தில் நீங்கள் எழுதியது ஒரே கடிதம், அதுவும் அம்மாவின் துணிப்பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டு. இந்த வருஷம் மாதம் ஒன்று வருகிறது. தொலைபேசி இருக்கிறது. தபால்தலையைச் சுருளாக விற்கிறார்கள். நீங்களோ ஒவ்வொன்றாக வாங்குகிறீர்கள். எல்லாக் கடிதத்திலும் கவுண்டர் வருகிறது. பல வருஷம் பாரம் தூக்கிய மணிக்கட்டு வேறு.

பெயரைச் சொல்லுங்கள்.

கியோமி


ஹலெய்வா
ஏப்ரல் 29, 2006

அன்பு மகளுக்கு,

சுகம். பலகை எதிர்பார்த்ததைவிடச் சற்று மெலிதாக வந்துவிட்டது. இன்னொரு கட்டை கிடைக்குமா? அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் சீக்கிரம் அனுப்பு.

தபால்தலைச் சுருள் இந்தக் கடற்காற்று ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான்.

அப்பா


சாண்டா குரூஸ்
மே 8, 2006

அன்புள்ள அப்பா,

நாங்கள் நலம். பழைய பிசினை ஊற்றிவிட்டீர்கள்.

கட்டை அனுப்பியாகிவிட்டது. ஆனால் இந்தத் தடவை உண்மை இல்லாமல் தாள் வராது.

கியோமி


ஹலெய்வா
மே 20, 2006

அன்பு மகள் கியோமிக்கு,

உடம்பு சுகம். மனசு சுகமா என்று நீ கேட்டதில்லை, நானே சொல்கிறேன். அதுவும் சுகம்தான். அதைச் சொல்லத்தான் தயக்கம்.

ஆமாம், ஊற்றினேன். உன் கடிதம் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது, எபாக்ஸி டப்பா காலடியில் இருக்கிறது. கை தானாகப் பழைய டப்பாவை எடுத்துக் கலந்து ஊற்றிவிட்டது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம். வாசனை வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் பலகையின் நடு மழையில் நனைந்த உப்புக்குவியல் மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஊரில் எவனுக்கும் தெரியாமல் மண்ணில் புதைத்தேன். நாய் தோண்டி எடுத்துத் தெருவுக்கு இழுத்துப் போய்விட்டது. இப்போது எல்லோருக்கும் தெரியும்.

அவர் பெயர் டெல்ஃபின் மெதெய்ரோஸ். தபால் கவுண்டரில் இருபத்தேழு வருஷம். கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடற்கரை ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "யாரும் கூப்பிடல" என்றார். அதற்கு மேல் நான் என்ன செய்வது? கூப்பிட்டுவிட்டேன்.

புதைத்த பலகை விஷயம் தெரிந்ததும் கவுண்டரிலேயே, "எனக்குச் செஞ்ச பலகைக்கு எனக்கு முன்னாடி சாவு வந்திருச்சே" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொன்றைக் கெடுக்கலாம் என்று தோன்றியது. கெடுக்க மாட்டேன்.

அம்மாவின் பலகை கொட்டகையில் அதே பழைய ஆணியில்தான் இருக்கிறது. நுரை மஞ்சளாகி, அவள் போடும் காப்பியின் நிறத்துக்கு வந்துவிட்டது. யாருக்கும் தரவில்லை. தர என்னுடையதும் இல்லை.

ஜூலையில் ஓபோன், இறந்தவர்களுக்கு விளக்கு மிதக்கவிட வேண்டும். வழக்கம்போல விளக்குக்கு அம்மா பெயரை எழுதி அனுப்பு. கோயிலில் என் எழுத்தைப் பார்த்தால் உன் அம்மா ஹவுனானி விளக்கிலிருந்தே திட்டுவாள்.

வேறொன்றும் கேட்கவில்லை.

அப்பா


ஹலெய்வா
ஜூன் 25, 2006

அன்பு மகளுக்கு,

நீயும் ஆல்டனும் நலமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. வேலை அதிகமாக இருக்கும்.

இரண்டாவது பலகையை இழைத்து முடித்தாயிற்று. துணி போடவில்லை. காரணம் ஒன்றுமில்லை, வெயில் சரியில்லை.

தினமும் தபால் வந்ததா என்று போய்க் கேட்கிறேன். அவர் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை. நான் வாசலில் நுழையும்போதே, "இன்னைக்கும் இல்ல, நாகமினே" என்று மெதுவாகச் சொல்லிவிடுகிறார். கேலியே மேல்.

அப்பா


சாண்டா குரூஸ்
ஜூலை 5, 2006

அன்புள்ள அப்பா,

உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். வேலையும் அதிகமில்லை.

கோபமாக இருந்தேன். ஜூன் மாதத்து ஹலெய்வாவில் வெயில் சரியில்லை என்று ஒரு மனிதர் எழுதினால் கோபம் நிற்குமா? சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன்.

உங்கள்மேல் கோபமில்லை. நீங்கள் ஆறு வருஷம் நம்பர் மட்டும் எழுதிக்கொண்டிருந்ததை நான் கேட்டறியவில்லையே என்று என்மேல்தான். நான் இங்கே வரும்போது உங்களை அம்மாவின் பலகைக்குக் காவல் வைத்துவிட்டு வந்தேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றீர்கள். அந்தப் பலகை உங்கள் டெல்ஃபினுக்குப் போய்விடுமோ என்று மார்ச்சிலிருந்தே பயந்தேன். போகவில்லை என்று படித்ததும் நிம்மதி வந்தது. நிம்மதி வந்த பிறகு வெட்கம் வந்தது. அதனால்தான் தாமதம்.

நீங்கள் வேறொன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டதாகத்தான் எனக்குப் பட்டது.

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். கெட்டித்தாள் விளக்குக்கு. மெல்லியது பலகைக்கு. அம்மா எழுதும் அதே சாய்வில் எழுதிப் பார்த்தேன். வரவில்லை, என் கைக்குத்தான் வந்தது. அதுவே சரி என்று விட்டுவிட்டேன்.

எபாக்ஸி, அப்பா. எபாக்ஸி.

கியோமி


ஹலெய்வா
ஜூலை 30, 2006

அன்பு மகள் கியோமிக்கு,

எல்லோரும் சுகம். இந்த முறை எல்லோரும் என்றால் எல்லோரும்தான்.

நான் நுழைந்ததுமே அவர் உன் உறையைக் கவுண்டர்மேல் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "இங்கயே பிரிங்க. ஒரு மாசமா உங்க மூஞ்சியப் பாத்து நான் படாத பாடு பட்டுட்டேன்" என்றார். பின்னால் வரிசை நின்றது. பிரித்தேன். முதலில் அம்மாவின் பெயர் வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லிய தாள், அதில் அவர் பெயர். மின்விசிறிக் காற்றில் பறந்துபோய் அவர் கையடியிலேயே விழுந்தது.

எடுத்துப் படித்தார். சத்தம் போட்டுப் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"யாரு எழுதினது?"

"என் மக."

"கேட்டு வாங்கினீங்களா?"

"இல்ல. கேக்கத் தைரியம் வரல."

வரிசையைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் மூடியிருக்கு" என்று கவுண்டர் அறிவிப்பு அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார். இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கவுண்டர் வேலைநேரத்தில் மூடியது அன்றுதான். திட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஓபோன் அன்று அம்மாவின் விளக்கை நானே தண்ணீரில் விட்டேன். உன் எழுத்து வெளிச்சத்தில் தூரம்வரை தெரிந்தது. டெல்ஃபின் வந்திருந்தார், சற்றுத் தள்ளி நின்றார். விளக்கு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பக்கத்தில் வந்தார்.

பலகைக்குப் பிசின் ஊற்றினேன். டப்பாவை மூன்று தடவை படித்துவிட்டுத்தான். நீ சொன்னபடியே தாள் காணாமல் போனது. வெள்ளை நுரைமேல் பெயர் மட்டும், யாரோ அப்போதுதான் எழுதிவிட்டுப் போனதுபோல.

நேற்றுக் காலை டெல்ஃபின் வண்டியிலிருந்து மணல்வரை தானே தூக்கி வந்தார். கடல் குட்டைபோலத்தான் இருந்தது. முதல் நாலு அலையில் பலகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஐந்தாவதில் எழுந்து நின்றார். ஒரு மூச்சு நேரம் இருக்கும். "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று விழுந்த பிறகும் தண்ணீருக்குள்ளிருந்தே கேட்டார். நான் பார்த்தேன். வெள்ளை நுரையைப் பற்றி இத்தனை வருஷம் சொன்ன அத்தனையையும் இத்தோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காற்றடித்தால் தத்தும் என்பதை மட்டும் விட்டுவைக்கிறேன்.

நவம்பரில் நீயும் ஆல்டனும் வாருங்கள். அறை தயார். அம்மாவின் பலகையை உன் பேரில் எடுத்து வைத்திருக்கிறேன். ஆணியிலேயே இருக்கட்டுமா, கூட்டிப் போகிறாயா என்று நீ முடிவு செய்.

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை முழுச் சுருளாக வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றாக வாங்க இனித் தேவை இல்லை.

அப்பா